அந்த வால்வைக் கருக்கியது அக்கா அல்ல

அச்சகத்திலிருந்து இன்று காலை மட்டும் இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். மற்ற பக்கங்கள் எல்லாம் தயார், என் பக்கம் மட்டும்தான் பாக்கியாம். நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். முதலாம் ஆண்டு நினைவு மலர், நல்லதை மட்டும் எழுது என்று பெரியவர்கள் சொன்னார்கள். நல்லதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நான் செய்த ஒன்றைச் சொல்லாமல் அக்காவைப் பற்றி ஒரு வரிகூட நேராக வரவில்லை.

அக்கா பிறந்தது கீழ்ப்பென்னாத்தூர் பக்கம். எனக்குப் பதினோரு வயது மூத்தவர். அப்பா இறந்தபோது பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தார். அத்தோடு தன் படிப்பை நிறுத்திவிட்டு என்னைப் படிக்க வைத்தார். கல்யாணமாகி வேங்கிக்காலுக்கு வந்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். தம்பியோடு வந்தவள் என்று மாமா ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

அந்த வீட்டில் மாமாவின் அப்பா விட்டுச்சென்ற பழைய முந்நூற்றைம்பது சிசி மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. மாமா மிதித்தால் கிக்கர் திருப்பி அடித்துக் கெண்டைக்காலை வீங்க வைக்கும். அக்கா ஒருநாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தார்; கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து வண்டி அக்காவுடையது. அதில்தான் மதியச் சாப்பாட்டுத் தொழிலைத் தொடங்கினார். செங்கம் சாலையில் அறை எடுத்துத் தங்குபவர்களுக்குக் கேரியர் கொண்டுபோவார். ஹார்ன் அடிக்கத் தேவையே இல்லை. எஞ்சினின் டிக்டிக் சத்தம் சந்துக்குள் நுழைந்ததும் எல்லாரும் கேட்டுக்கு வந்து நிற்பார்கள்.

அந்தச் சத்தம் டேப்பெட் சத்தம். எஞ்சினுக்குள் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் இரண்டு கம்பிகள் உண்டு. அவற்றுக்கு நூலிழை அளவு இடம் விட வேண்டும். இடம் கூடினால் சத்தம் கூடும். இடமே இல்லையென்றால் சத்தம் இருக்காது, ஆனால் வால்வு முழுசாக மூடாது. நெருப்பு கசிந்து வால்வையே தின்றுவிடும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் இதைப் பார்க்க வேண்டும்.

அக்கா அதற்கு ஒரு நாள் வைத்திருந்தார். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் வண்டியை எடுக்க வழியில்லை. ஒரு நாள் முழுக்கச் சும்மா நிற்கும். மறுநாள் விடிந்ததும், அரிசி ஊறும் நேரத்தில், எஞ்சினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுவார். கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி, இரண்டு கம்பிகளும் தளரும் இடத்தில் நிறுத்துவார். ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சரிசெய்து நட்டை இறுக்கிய பிறகு மறுபடியும் உருட்டிப் பார்ப்பார், இறுக்கும்போதே அளவு மாறிவிடும் என்பதால்.

எனக்கு அந்தப் பொறுமை ஏது? டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த புதிது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. "மச்சான் கைல ஸ்பேனர் மட்டும் குடுக்காத" என்று மாமா அக்காவிடம் சொல்லியே வைத்திருந்தார்.

ஒரு பௌர்ணமிக்கு நான்கு நாள் முன்பு சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியானது. நான் பார்க்கிறேன் என்றேன்.

"ஏன்டா பறக்குற? நாலு நாள்தான. ஆறட்டும்."

அன்று கேரியர் கொடுத்துவிட்டு வந்து அக்கா குளிக்கப் போன நேரம், கொதிக்கக் கொதிக்க மூடியைக் கழற்றினேன். கை சுட்டது. விரலால் உருட்டிப் பார்க்கவெல்லாம் இல்லை. சத்தம் அடங்கும்வரை இறுக்கினேன். கிளப்பினால் அவ்வளவு அமைதி. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலை, வால்வு மூடாமல் எஞ்சினில் அழுத்தம் பிடிக்காததால், கிக்கர் வெறுமனே கீழே போனது. தள்ளித்தான் கிளப்பினோம். "சத்தம் எங்கடா போச்சு?" என்றார் அக்கா. தெரியலக்கா என்றேன். பௌர்ணமிக்காக அறைகள் நிரம்பி, கேரியரும் கூடியிருந்த வாரம். முடிந்ததும் திறந்து பார்க்கலாம் என்று அக்கா ஓட்டினார். சத்தம் இல்லாததால் யாரும் கேட்டுக்கு வரவில்லை. அக்கா மாடி மாடியாக ஏறி இறங்கினார். மூன்றாம் நாள் செங்கம் சாலையிலேயே வண்டி நின்றுவிட்டது.

தேரடித் தெருப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பாய் வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். விளிம்பில் எலி கடித்ததுபோல ஒரு துண்டைக் காணோம்.

"யாரும்மா இவ்ளோ டைட்டா வச்சது?"

மாமா பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் வாயைத் திறக்கப் போவதில்லை என்பது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"நான்தான் பாய். அவசரத்துல வச்சிட்டேன்."

பாய் என் விரலில் இருந்த கொப்புளத்தைப் பார்த்தார். வால்வைத் துணியில் துடைத்து ஓரமாக வைத்தார்.

அன்றிலிருந்து உறவினர் கூடும் இடமெல்லாம் மாமாவுக்கு அதே கதைதான். "எங்க வீட்டுக்காரி தோசை மட்டுமா சுடுவா? வால்வையே சுட்டவ." நீங்கள் எல்லாரும் சிரித்திருக்கிறீர்கள். அக்காவும் சிரிப்பார். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

போன வருடம் அக்கா படுத்தது இரண்டே மாதம். மருத்துவமனையில் நர்ஸ்களிடமும் மாமா அந்தக் கதையைச் சொன்னார். ஒரு மதியம் அவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது, மாமாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"இப்போ வேணாம்டா. அந்த மனுஷன் இங்க வந்து சிரிக்கிறதே அத சொல்லித்தான்."

இப்போது வேண்டாம் என்றுதான் சொன்னார்.

அக்கா போன பிறகு மாமா அந்தக் கதையை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. வண்டி உறைக்குள் கிடந்தது. சென்ற பௌர்ணமிக்கு மறுநாள் நான் அதைத் திறந்தேன். ஒரு வருடமாக ஆறிக் கிடக்கும் எஞ்சினுக்குப் பௌர்ணமி எதற்கு என்று கேட்பீர்கள். காத்திருந்தேன், அவ்வளவுதான். கம்பிகளை உருட்டினேன், நட்டை இறுக்கினேன், மறுபடியும் உருட்டினேன். மாமா காபி டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"திரும்ப எதுக்கு மச்சான் உருட்டுற?"

"இறுக்கும்போது மாறிடும் மாமா."

"அவளும் இதத்தான் சொல்லுவா."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மூடியை மாட்டக் குனிந்துவிட்டேன். அதனால்தான் இத்தனை பேர் படிக்கும் இந்த மலரில் எழுதுகிறேன். மாமா, அந்த வால்வைக் கருக்கியது நான். அக்கா வைத்த அளவு ஒருநாளும் தப்பியதில்லை. கதையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஆளை மாற்றிச் சொல்லுங்கள்.

இரண்டு மாதமும் அக்காவைத் தாங்கிய மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும், வீட்டுச் சமையலைத் தங்கள் சமையலாக எடுத்துச் செய்த பக்கத்து வீட்டாருக்கும், பார்த்ததைச் சொல்லாமல் இத்தனை வருடம் காத்த பாய்க்கும், கடைசி நாள்வரை அக்காவின் கையை விடாத மாமாவுக்கும் எங்கள் நன்றி.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நேரத்தில் நான் நினைவு நாள் பந்தியில் இருக்க மாட்டேன். அக்காவின் வண்டியில், அக்காவின் கேரியர்களோடு செங்கம் சாலையில் இருப்பேன். அங்கே அறைகளில் இருப்பவர்களுக்கு அன்று எங்கள் வீட்டுச் சாப்பாடு. மாமா படித்துவிட்டுக் கோபப்பட்டால், திரும்பி வரும் சத்தம் கேட்டதும் கேட்டுக்கு வந்து நிற்கட்டும். சத்தம் நன்றாகவே கேட்கும்.