ஜோதிக்கு எது பிடிக்கும்?

அடுத்தவருக்கு எது நல்லது என்று சொல்லியே சம்பளம் வாங்குகிறவர்கள் நாட்டில் ஏராளம். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. டீச்சர், டாக்டர், கல்யாணத் தரகர் யாராக இருந்தாலும், நம் இனத்தார் இதைப் படிக்கையில் கொஞ்சம் நெளிவார்கள். பரவாயில்லை, நானும் நெளிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலைத் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு வாடகை வீட்டில் எங்கள் பயிற்சிப் பள்ளி. மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று அப்போது சொல்வோம். அவர்களுக்குக் கைத்தொழில் பழக்கி வேலையில் சேர்த்துவிடுவது என் பொறுப்பு.

கதவோரம் நின்ற அம்மா

யாரையும் ஒரு வேலையில் பிடித்துத் தள்ளாதே, இரண்டு வேலைகளை முன்னால் வைத்து எதை எடுக்கிறார்கள் என்று பார் என்று சென்னையில் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். வந்த மறுநாளே ஜோதியை உட்காரவைத்தேன். அடி அண்ணாமலைப் பெண், இருபது வயது, பேச்சு கம்மி. ஒரு தட்டில் பொட்டலம் மடிக்க விபூதியும் காகிதமும், இன்னொன்றில் திரி உருட்டப் பஞ்சு. "எது வேணும் ஜோதி?" என்றேன்.

"எது குடுத்தாலும் செய்வா டீச்சர்" என்றார் கதவோரம் நின்ற அவள் அம்மா கன்னியம்மா. மலை சுற்றும் பாதையில் மோர் விற்பவர். பெண்ணின் விருப்பத்தை மதிப்பது பற்றி அவருக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சரிங்க, கேளுங்க. அவ சொல்றத செய்வீங்களா?"

சோத்துக்கைப் பக்கம்

ஜோதி தினமும் விபூதியையே எடுத்தாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கோபுர வாசல் பக்கத்துக் கடைக்காரர் ஒருவரிடம், விபூதி மடிக்கப் பிரியப்படும் பெண் இருக்கிறாள் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

ஒருநாள் உடன் வேலை பார்த்த சரோஜா டீச்சர் மேசையைத் துடைத்துவிட்டுத் தட்டுகளை இடம் மாற்றி வைத்தார். ஜோதி பஞ்சை எடுத்தாள். மறுபடி மாற்றினோம், விபூதியை எடுத்தாள். சோத்துக்கைப் பக்கம் எது இருந்ததோ அதை எடுத்திருக்கிறாள், அவ்வளவுதான். சரோஜா சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அவளுக்கு ரெண்டுமே புடிக்கல. நீங்க சீக்கிரம் விட்டா போதும்னு எடுக்கறா" என்றார்.

கடைக்காரர் வந்த நாள்

கார்த்திகை தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் பெண்ணைப் பார்க்க வந்தார். கன்னியம்மாவும் வந்து கதவோரம் நின்றிருந்தார். கொடுத்த வாக்கை எப்படி விழுங்குவது? தெரிந்தே விபூதித் தட்டைச் சோத்துக்கைப் பக்கம் வைத்தேன். இதை எழுத இன்றும் கூசுகிறது.

ஜோதி இரண்டையும் தொடவில்லை. எழுந்துபோய்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து கடைக்காரரிடம் நீட்டினாள். நான் டம்ளரைப் பிடுங்கிவிட்டு, "இதுதான் உனக்கு நல்லது" என்று அவள் கையில் விபூதியைத் திணித்தேன். கடைக்காரருக்குத் திருப்தி, கூட்டிப்போனார்.

நாலு நாளில் திரும்பக் கொண்டுவந்து விட்டார். "ஒக்காரவே மாட்டேங்கறா டீச்சர். மடிச்ச பொட்டலத்த போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் நீட்டறா, காசும் வாங்கறதில்ல. என்னால முடியாதுங்க."

எனக்கு நடந்த பரீட்சை

கன்னியம்மா வந்தார். "பொண்ணு வேலைக்குப் போறான்னு தெருவெல்லாம் சொல்லிட்டேன்" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. வேறு வழி தெரியாமல் மறுபடியும் தட்டுகளை எடுத்துவந்து வைத்தேன்.

ஜோதி இரண்டையும் என் பக்கம் தள்ளினாள். "எது வேணும்?" என்று கேட்டாள். அச்சு அசல் என் குரல். விளையாடுகிறாள் என்று நினைத்துப் பஞ்சைத் தொட்டேன். அவள் என் கையை விலக்கி, அதில் விபூதியை வைத்து அழுத்தினாள்.

"இதுதான் உனக்கு நல்லது" என்றாள்.

அதற்குப் பிறகுதான், யாரும் சொல்லாமல் வீட்டில் அவள் என்ன செய்வாள் என்று கன்னியம்மாவிடம் கேட்டேன். மலை சுற்றுகிறவர்களுக்கு ஜோதிதான் மோர் ஊற்றிக் கொடுப்பாளாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ் ஒன்றில் சொல்லி, இலைக்கு இலை தண்ணீர் ஊற்றும் வேலை வாங்கிக் கொடுத்தேன். அங்கே அவள் நிலைத்துவிட்டாள். நன்றி சொல்வார் என்று பார்த்தால், கன்னியம்மா கேட்டது இதுதான்: "அன்னிக்கி தண்ணி மொண்டு குடுத்தாளே, அப்பவே சொல்லிட்டா இல்ல டீச்சர்?"

எது பிடிக்கும் என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், பதிலைக் காதில் போட்டுக்கொள்ளத் தனியாக ஒன்றும் கொடுக்கவில்லை என்பதுதான் இன்றுவரை நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் சாக்கு.