கும்மிக்குள் வந்த வேலூர்க் கோட்டை

நான் பத்தாம் வகுப்புப் படித்த வருடம் எங்கள் ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலும் அரசுப் பொதுத்தேர்வும் ஒரே வாரத்தில் வந்து மோதிக்கொண்டன. கோயில் கமிட்டிக்காரர்கள் தேர்வுத் துறையைக் கேட்டு நாள் குறிப்பதில்லை. தேர்வுத் துறையும் எங்கள் அம்மனைக் கேட்டுக்கொள்வதில்லை. முளைப்பாரி எடுக்கும் நாளுக்கு மறுநாள் காலையில் எனக்குச் சமூக அறிவியல் பரீட்சை. அதுதான் கடைசிப் பரீட்சை என்பதால் வகுப்பில் மற்ற பிள்ளைகள் அந்த நாளை விடுதலை நாளாக எண்ணிக் காத்திருந்தார்கள். நான் மட்டும் அந்த நாள் வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

கணக்கு எனக்கு வந்துவிடும். அறிவியலையும் எப்படியோ தாண்டிவிடுவேன். வரலாறு மட்டும் மண்டையில் நிற்காது. காரணங்கள், போக்கு, விளைவுகள் என்று ஒவ்வொரு கிளர்ச்சியையும் மூன்றாகப் பிரித்துப் படிக்கச் சொல்வார்கள். நான் ஒரு கிளர்ச்சியின் காரணங்களில் தொடங்கி இன்னொரு கிளர்ச்சியின் விளைவுகளில் போய் முடிப்பேன். அரையாண்டுத் தேர்வில் பாளையக்காரர்களைக் கொண்டுபோய் வேலூர்க் கோட்டைக்குள் நிறுத்திவிட்டேன். டீச்சர் சிவப்பு மையில், ‘இவர்கள் எப்போது இங்கே வந்தார்கள்?’ என்று எழுதியிருந்தார்.

எங்கள் ஊர் வெம்பக்கோட்டைப் பக்கம். விடிவதற்குள் வேன்கள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். பட்டாசுத் தொழிற்சாலையை நாங்கள் வெடி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் அச்சங்குளத்துப் பக்கம் இருந்த ஒரே வெடி ஆபீசுக்கு, ஒரே வேனில் போனார்கள். அந்த வேனில் என் அக்காவும் போனாள்.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். ஒன்பதாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. யாரும் நிறுத்தினார்கள் என்று சொல்ல முடியாது. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன வருடம், ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பவில்லை, அவ்வளவுதான். முதலில் வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுருட்டினாள். பதினெட்டு வயது முடிந்ததும் வேன் ஏறினாள். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறவர். சீசன் என்றால் வடக்கே போய்விட்டு எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே வீட்டில் எனக்குக் காவல் அம்மாதான். அம்மாவின் சட்டம் எளிமையானது: பரீட்சை முடிகிறவரை டிவி கிடையாது, கும்மி கிடையாது.

டிவி போனது பெரிதில்லை. கும்மி போனதுதான் பொறுக்கவில்லை. மாசி கடைசியிலேயே எங்கள் தெருப் பெண்கள் சாயங்காலங்களில் கூடிக் கும்மி பழக ஆரம்பித்துவிடுவார்கள். அக்காவோடு வேனில் போகிற என் பெரியம்மா, அதாவது அப்பாவின் அண்ணன் மனைவி, முதல் அடியை எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் கை தட்டிச் சுற்றிக்கொண்டே அதைத் திருப்பிச் சொல்வார்கள். நான் வீட்டுக்குள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கைத்தட்டலைக் கேட்டபடி இருப்பேன். அப்படி இருந்த ஒரு நாளில்தான் கண் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்களிடம் இருக்க, காது கும்மியில் இருக்க, இரண்டும் தாமாகவே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன்.

காதுக் கடுக்கனக் கழட்டச் சொன்னான் – வெள்ளக்காரன்
நெத்தித் திருநீற அழிக்கச் சொன்னான்
தாடியச் செரச்சிட்டு வரச் சொன்னான் – புதுத்
தலப்பாவில் தோல்குஞ்சம் வைக்கச் சொன்னான்

வேலையிலிருந்து வந்து தலை வாரிக்கொண்டிருந்த அக்கா, சீப்பைப் பிடித்தபடியே திரும்பினாள்.

“என்னது அது? இன்னொரு தடவ படி.”

எங்கள் பக்கம் பாட்டைப் பாடுவது என்று சொல்ல மாட்டோம், படிப்பது என்போம். நான் படித்தேன். அக்கா கை தட்டிப் பார்த்தாள். ஓரிடத்தில் தாளம் இடிக்கிறது என்று ஒரு சொல்லை மாற்றினாள். பிறகு, “அப்புறம் என்ன செஞ்சாக?” என்று கேட்டாள். அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை; புத்தகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். மறுநாள் அதையும் பாட்டாக்கினோம். அதற்கு மறுநாள் அடுத்த பாடம். அக்கா வேனைவிட்டு இறங்கி, முகத்தில் ஒட்டியிருக்கும் வெடிமருந்து வெள்ளிப்பொடியைக் கழுவிய கையோடு, “இன்னைக்கு எதுல நிக்கிறோம்?” என்று கேட்டுக்கொண்டே வருவாள். அப்போதெல்லாம் எனக்கு அது விளையாட்டுப் போலத்தான் இருந்தது.

என்னைக் கும்மிக்கு அனுப்பச் சொல்லி அம்மாவிடம் கேட்டவளும் அவள்தான்.

“அவ பாடத்தத்தாம்மா பாட்டாக் கட்டுறா. கும்மி பழகுனா பாடமும் சேந்து பழகிரும்.”

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “மார்க்கு கொறஞ்சா ரெண்டு பேரையும் சேத்துத்தான் கேப்பேன்” என்றாள். அது சம்மதம் என்று எங்களுக்குத் தெரியும்.

முளைப்பாரி எடுக்கும் நாள் வந்தது. வெடி ஆபீஸ்களுக்கு லீவு. வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்களெல்லாம் பிள்ளைகளோடு வந்து இறங்கியிருந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் முளைப்பாரிகளைத் தலையில் சுமந்து வந்து கோயில் பொட்டலில் வட்டமாக இறக்கிவைத்தோம். நடுவில் பச்சைப்பசேலென்று பயிர், சுற்றிலும் பெண்கள். கோயில் கமிட்டியில் இருந்த சித்தப்பா அந்த வருடம் ஒரு புதுமை செய்திருந்தார். முதல் அடி எடுப்பவர் பக்கத்தில் ஒரு மைக்கை நட்டுவைத்து, ஊர் முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். எங்கள் ஊர்க் கும்மி பக்கத்து ஊருக்கும் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

பெரியம்மா காலையிலிருந்தே படித்துக்கொண்டிருந்தாள். பாதிப் பாட்டில் அவள் தொண்டை கட்டிக்கொண்டது. சுற்றியபடியே என் தோளைப் பிடித்து மைக் பக்கம் தள்ளி, “தண்ணி குடிச்சிட்டு வாறேன். நீ எடுத்துக் குடுடி” என்று சொல்லிவிட்டு வட்டத்தைவிட்டு வெளியே போனாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மன் ஒவ்வொரு ஊராகத் தாண்டி எங்கள் ஊருக்கு நடந்து வருகிற பாட்டு அது. இரண்டு ஊர் வரைக்கும் அம்மனைப் பத்திரமாகக் கூட்டி வந்தேன். அதற்கு அடுத்த ஊர் மறந்துபோனது. பெண்கள் குனிந்து நிமிர்ந்து கை தட்டிவிட்டு என் வாயையே பார்க்கிறார்கள். தாளம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏதாவது வந்தாக வேண்டும். என் வாயிலிருந்து வந்தது இது:

“காதுக் கடுக்கனக் கழட்டச் சொன்னான் – வெள்ளக்காரன்!”

ஊர் முழுக்க அது குழாயில் ஒலித்தது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வட்டம் அப்படியே நின்றுவிடும், எல்லாரும் சிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் நிற்கவில்லை. எங்கள் தெருப் பெண்கள் ஒரு நொடிகூடத் தயங்காமல் அடுத்த அடியைச் சொன்னார்கள்:

“நெத்தித் திருநீற அழிக்கச் சொன்னான்!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பாட்டு எங்கள் வீட்டு நடுக்கூடத்தைத் தாண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அக்கா ஒரு மாதமாக வேனில் போகும்போதும் வரும்போதும் அதை எல்லாருக்கும் படித்துக் காட்டியிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. வெளியூரிலிருந்து வந்த பெண்கள் மட்டும் திருதிருவென்று விழித்துக்கொண்டு கை தட்டினார்கள். வட்டம் வேகம் எடுத்துவிட்டது. தாடியைச் செரைக்கிற அடியும் குழாயில் கணீரென்று போனது.

சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

“ஏய், நிறுத்துங்க! என்ன பாட்டுப் படிக்கிறீக? ஆத்தா முன்னால செரைக்கிற பாட்டா?”

கைத்தட்டல் தளர்ந்தது. கூட்டத்தில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது தெரிந்தது. பாரியைச் சுற்றுகிற கும்மி பாதியில் நின்றால் ஊருக்கு ஆகாது என்பார்கள். அந்த வருடம் மழை பொய்த்தால் அதற்கு என் பெயரைத்தான் சொல்வார்கள். பரீட்சையில் தோற்பதைவிட இது பெரிய தோல்வி. மைக்கைவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தேன். கண்ணில் நீர் முட்டியது.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது. மைக் இல்லாத குரல். அவளுக்குப் பெரியம்மாவைப் போலக் கனத்த சாரீரம் கிடையாது. ஆனால் அன்றைக்கு அது நடுங்கவில்லை.

போட்ட உத்தரவ வாபஸ் வாங்கினான் – மைசூர்
ராசா வீட்டு மக்களக் கல்கத்தா ஏத்தினான்
கவர்னரக் கூப்பிட்டுக் கப்பல் ஏத்தினான் – அந்தக்
கோட்டையில நடந்ததக் கலகமுன்னு எழுதினான்

பெண்கள் மறுபடியும் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் கடைசிப் பகுதியை நான் கட்டவில்லை. விளைவுகள் என்று நான் எப்போதும் கோட்டை விடுகிற பகுதி அது. அதை அக்கா எப்போது கட்டினாள், எந்த நேரத்தில் என் புத்தகத்தைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது.

பெரியம்மா தண்ணீர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே சித்தப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

“சுத்துற கும்மிய நடுவுல நிறுத்தப்படாதுய்யா. பிள்ளைக முடிச்சிரட்டும். ஆத்தாளுந்தான் இதையெல்லாம் எப்பக் கேக்கப் போறா?”

சித்தப்பா மைக்கை அணைக்கப் போன கையை எடுத்துக்கொண்டார். பெரியம்மா வட்டத்துக்குள் வந்து, வெள்ளைக்காரனை அங்கேயே விட்டுவிட்டு, நான் மறந்த ஊரிலிருந்து அம்மனைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தாள். குலவை போட்டு முடித்தோம். ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வருடம் மழைகூடப் பெய்தது. கொஞ்சம் பிந்திப் பெய்தது.

கும்மி முடிந்து எல்லாரும் பானக்கம் குடித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா அக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

“அது சரி, பாட்டுல கலகம்னு முடிக்கிற. வேன்ல சொல்றப்போ புரட்சிங்கிற. எதுடி சரி?”

“நடந்தது ஒண்ணுதான் பெரியம்மா. வெள்ளைக்காரன் எழுதினப்போ கலகம்னு எழுதினான். பின்னால நம்ம ஆளுக எழுதுறப்போ புரட்சின்னு எழுதினாக. யாரு எழுதுறாகளோ அவுக பேரு வைக்கிறாக.”

பெரியம்மா யோசித்தாள். “அப்போ போன கோடையில, குடிக்கத் தண்ணி வச்சாத்தான் வேன்ல ஏறுவோம்னு நம்ம எல்லாரும் ரோட்டுல உக்காந்தமே? அது என்னது?”

“போர்மேன் எழுதினாக் கலகம்” என்றாள் அக்கா.

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியம்மாவுக்குப் புரையேறிவிட்டது. “நம்மள்ல எவடி எழுதப் போறா, புரட்சின்னு?” என்று இருமலுக்கு இடையே கேட்டாள். எல்லாரும் இன்னும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. பானக்கச் சொம்பை வாங்கி எனக்கு ஊற்றினாள். “போய்த் தூங்கு. காலையில பரீட்ச” என்றாள்.

மறுநாள் கேள்வித்தாளைத் திருப்பினேன். வேலூர்ப் புரட்சியின் விளைவுகளை விளக்குக என்று கேட்டிருந்தார்கள். கண்ணை மூடினேன். கை தட்டுகிற சத்தம் கேட்டது. அதற்கு மேலே அக்காவின் குரல் கேட்டது. போட்ட உத்தரவு, மைசூர் இளவரசர்கள், கவர்னர் என்று வரிசை மாறாமல் வந்து நின்றன. அவற்றைப் புத்தகத் தமிழுக்கு மாற்றி எழுத வேண்டியதுதான் என் வேலையாக இருந்தது. அதை வெள்ளையர் கலகம் என்றும் நம்மவர்கள் புரட்சி என்றும் குறிப்பிட்டதை, கேட்காவிட்டாலும், கடைசியில் ஒரு பத்தியாகச் சேர்த்தேன். பேனாவைக் கால்மேல் தட்டித் தாளம் போட்டிருப்பேன் போலிருக்கிறது. கண்காணிப்பாளர் வந்து பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அன்று எழுதிய அந்த வரலாறுதான் என்னைப் பதினொன்றாம் வகுப்புக்கும் கல்லூரிக்கும் கொண்டு சேர்த்தது. இன்றைக்கு விருதுநகரில் ஒரு அலுவலகத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வேனில் போன பெண்கள் ஒவ்வொருவரும் என்னைத் தூக்கிவிட்ட கைகள் என்று நினைப்பேன். ஊருக்குப் போனால் பெரியம்மா இன்னமும், “ஏ வெள்ளக்காரி” என்றுதான் கூப்பிடுகிறாள். அவளிடம் நன்றி சொல்லிப் பார்த்தேன். “எதுக்கு?” என்று கேட்டாள். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

அக்காவிடம் மட்டும் எந்த இடத்திலிருந்து நன்றி சொல்லத் தொடங்குவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்தப் பொங்கலுக்கு இரண்டு வருடம் கழித்து அவள் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதினாள். சமூக அறிவியலில் முதல் தடவையிலேயே தேறினாள். ஆங்கிலம் அவளை இரண்டு தடவை திருப்பி அனுப்பியது. மூன்றாவது தடவை விட்டுக்கொடுத்தது. இப்போது பக்கத்து ஊரில் பால்வாடி டீச்சராக இருக்கிறாள். அவள் பிள்ளைகளுக்கு எல்லாமே பாட்டுத்தான் என்று கேள்வி.

நான் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அந்தச் சாயங்காலத்தை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அக்கா வேனைவிட்டு இறங்கி நேராக என்னிடம் வந்து, “கேள்வித்தாள எங்க?” என்றாள். கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டு வந்து அதை வாங்கினாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியாகப் படித்து, பதிலை மெதுவாகச் சொல்லி, “இது சரியா?” என்று என்னைப் பார்ப்பாள். சரி என்றால் விரலை மடக்குவாள். தப்பு என்றால் சரியான பதிலைக் கேட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்ப்பாள். கடைசிக் கேள்வி வரைக்கும் விடவில்லை. முடித்துவிட்டு மடக்கிய விரல்களைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. நான் நன்றாக எழுதியிருக்கிறேன் என்ற சந்தோஷம் அவளுக்கு என்று நினைத்து நானும் சிரித்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் பரீட்சை எழுதியவர்கள் இரண்டு பேர் என்பது எனக்குத் தெரியவில்லை.