நாச்சாயியின் அப்பா, டிரைவர் அர்த்தநாரி

சென்ற வாரம் திருச்செங்கோட்டிலிருந்து வரும் காலை வண்டி சேலம் ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது நான் டிக்கெட் அறையில் உட்கார்ந்திருந்தேன். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதிலிருந்து அது கரியில் ஓடுகிற வண்டி. வந்து நின்றதும் அதன் டிரைவர் கரி அடுப்பைக் கிளறத்தான் முதலில் போவார். அன்று நேராக என்னிடம் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அர்த்தநாரி அண்ணன் போயிட்டாருங்க. நேத்துப் பொழுது சாய நெஞ்சு அடைக்குதுன்னாராம். ஒரு வாய் தண்ணி கேட்டாராம். அவ்வளவுதானுங்க."

வரிசையில் நின்றவர்களுக்கு டிக்கெட் கொடுத்து முடித்தேன். பிறகு அறையைப் பூட்டிவிட்டு, அதே வண்டியில் ஏறித் திருச்செங்கோட்டுக்குப் போனேன்.

ஆட்டையாம்பட்டி, மல்லசமுத்திரம் வழியாகப் போகிற அந்தத் தடத்தில் அவர் டிரைவராக இருந்த காலத்தில் நான் கண்டக்டராக இருந்தேன். அந்த வண்டியில் ஏறி இறங்கிய உங்களுக்கு அவரைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எதிரே மாட்டுவண்டி வந்தால், மாடு மிரளாமல் தாண்டும்வரை ஓரம் கட்டி நிற்பார். அவசரக்காரர்கள் திட்டுவார்கள், சிரித்துக்கொள்வார். அவருக்குப் பின்னால் எத்தனையோ டிரைவர்களோடு வேலை பார்த்துவிட்டேன். அவரைப்போல ஒரு தகப்பனோடு வேலை பார்த்ததில்லை.

அவர் மனைவி பிரசவத்திலேயே இறந்துவிட்டார். பெண் குழந்தை. நாச்சாயி என்று பெயர் வைத்தார்கள். அதே தெருவில் இருந்த அவர் தங்கை, தன் கைக்குழந்தையோடு சேர்த்து இதற்கும் பால் கொடுத்தாள். மேட்டூரில் அணை கட்ட ஆள் எடுத்தபோது தங்கையும் அவள் புருஷனும் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் காலை அர்த்தநாரி அண்ணன் இடுப்பில் குழந்தையோடு ஷெட்டுக்கு வந்தார்.

"என்னங்ணா, புள்ளையோட வந்துட்டீங்க?" என்றேன்.

"ஊட்டுல ஆரு இருக்காங்க? இங்கன்னா நாம ரெண்டு பேரு இருக்கமல்ல" என்றார்.

டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், கூரைக் கம்பியில் பழஞ்சேலையால் ஒரு தூளி கட்டினோம். அதை யாரும் ஆட்ட வேண்டியிருக்கவில்லை. அந்தக் காலத்து ரோடு அதைப் பார்த்துக்கொண்டது. முதலாளி முகம் சுளித்தார். ஏறுகிறவர்களில் ஒருவர் குறை சொன்னாலும் நிறுத்திவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். யாரும் சொல்லவில்லை. ஆட்டையாம்பட்டியில் ஏறுகிற பெண்கள் பாலாடைக் கிண்ணத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு தாங்களே பால் புகட்டினார்கள். கண்டக்டருக்குப் பால் புகட்டத் தெரியாது என்பது அவர்கள் முடிவு.

அண்ணன் குழந்தையைப் பார்க்கிற விதமே வேறு. ஸ்டாண்டில் வண்டி நிற்கும்போது மற்ற டிரைவர்கள் டீக்கடைக்குப் போவார்கள். அவர் தூளிக்குப் பக்கத்தில் குந்திக்கொள்வார். நேற்றுவரை நீட்டிய கையை இன்று திருப்பிப் பார்க்கிறாள், விரலை எண்ணுகிறவள் மாதிரி ஒவ்வொன்றாக மடக்குகிறாள் என்று எனக்குச் சொல்வார். "நாளைக்குப் பாத்துக்கலாம்னு போனா, நாளைக்கு அது வேற புள்ளையப்பா" என்பார். இதை நான் அவர் வாயால் பலமுறை கேட்டிருக்கிறேன்.

பல் முளைக்கிற சமயத்தில் அவளுக்கு எதையாவது கடிக்க வேண்டும். அண்ணன் தன் மடியில் உட்கார்த்தி வைத்திருந்தபோது, கையால் அமுக்கி அடிக்கிற ஆரனின் ரப்பர்ப் பந்தை இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். ஒருநாள் அண்ணன் கத்திய கத்தலில் வண்டியில் ஏதோ உடைந்துவிட்டது என்று ஓடினேன். "பாரு, பாரு! ரப்பர்ல பல்லு பதிஞ்சிருக்குது!" அரிசி முனையளவு இரண்டு தழும்பு. அன்று ஏறிய ஒவ்வொருவரையும் முன்னால் அழைத்து அதைக் காட்டினார். பருத்தி வியாபாரி ஒருவர், எங்கே என்று கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினார். "நல்லாப் பாருங்க சாமி, தெரியும்" என்று அவர் பார்த்து முடிக்கும்வரை வண்டியை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் அரிசிமாவும் வெல்லமும் பிசைந்து தானே கச்சாயம் சுட்டு, மறுநாள் வண்டியில் கொடுத்தார். கச்சாயம் கருகிப்போயிருந்தது. எல்லோரும் தின்றோம்.

அவள் பேசிய முதல் வார்த்தையால் நான் ஆட்டையாம்பட்டியில் நடுரோட்டில் நின்றேன். ஆள் ஏறி முடிந்ததும் "ரைட்" என்று நான் குரல் கொடுத்தால்தான் வண்டி கிளம்பும். அன்று ஒரு கிழவரின் மூட்டையைக் கூரைமேல் ஏற்றிவிட்டு இறங்கிக்கொண்டிருக்கிறேன், உள்ளேயிருந்து "ஐட்டு" என்று ஒரு சத்தம். வண்டி கிளம்பிவிட்டது. தாவிக் குதித்து, கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். வெகுதூரம் போய்த்தான் நின்றது. மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தால், அண்ணன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நானு என்ன பண்ணட்டும்? ரைட்டு சொல்லிட்டா, எடுத்துட்டேன். பொண்ணு பேசிட்டாளப்பா!"

எனக்கு வந்த கோபம், அவர் முகத்தைப் பார்த்ததும் போன இடம் தெரியவில்லை.

பேச்சு வந்தது, நடை வரவில்லை. ஒன்றரை வயது தாண்டியும் அவள் ஓர் அடி வைக்கவில்லை. வண்டி ஓடும்போது சீட்டுக் கம்பியைப் பிடித்து உறுதியாக நிற்பாள். வண்டி நின்றதும் பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள். திருச்செங்கோட்டில் வண்டி நிற்கும் நேரமெல்லாம் அண்ணன் அவளைத் தரையில் நிறுத்திப் பார்ப்பார். ஆடாத தரை அவளுக்குப் பிடிக்கவில்லை. காலை மடக்கிக்கொண்டு அழுவாள். காலில் பலமில்லை, தூளியிலேயே கிடந்து கால் சூம்பிவிட்டது என்று பேச்சு எழுந்தது.  ராத்திரி எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறேன் என்று அண்ணன் என்னிடம் மட்டும் சொன்னார்.

அந்தப் பேச்சு மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த அவர் மாமனார் காதுக்கும் போயிற்று. பெரியண்ணன் என்று பெயர். நல்ல மனிதர், மகளைப் பறிகொடுத்த துக்கம் ஆறாதவர். ஒருநாள் மல்லசமுத்திரத்தில் வண்டியை நிறுத்தி ஏறினார்.

"மாப்ளே, கோவிச்சுக்காதீங்க. புள்ளைய நான் கூட்டிட்டுப் போறனுங்க. எங்கூட்டுல பொம்பளைங்க இருக்காங்க, மாடு கண்ணு இருக்குது. இந்தப் பொகையிலயும் தூசியிலயும் கெடந்தா அது எப்பங்க நடக்கறது?"

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அண்ணனுக்கும் அது தெரியும். 

"சரிங்க மாமா. அவ துணியெல்லாம் ஊட்டுல இருக்குது. திருச்செங்கோடு வரைக்கும் வாங்க, எடுத்துக் குடுக்கறேன்" என்றார். 

வண்டி கிளம்பியது. மாமனார் கடைசிப் பலகையில் உட்கார்ந்திருந்தார். நாச்சாயி முன்னால், அப்பா சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியவர் கையை நீட்டி, "வா சாமி, அப்பச்சிகிட்ட வா" என்றார். அவள் அவரைப் பார்த்தாள். கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தாள். பிறகு இன்னொரு கையையும் எடுத்தாள். வண்டியின் ஆட்டத்துக்கு உடம்பை வளைத்துக்கொண்டு ஓர் அடி வைத்தாள்.

"அண்ணா, நடக்கறாங்ணா!" என்று கத்திவிட்டேன்.

பின்னாலிருந்து பலர் கையை நீட்டினார்கள். அண்ணனால் திரும்ப முடியாது. எதிரே வரிசையாக மாட்டுவண்டிகள்; அன்று மட்டும் ஓரம் கட்டி நிற்காமல், மெல்ல ஓட்டினார். ரோட்டைப் பார்த்தபடியே, "தொடாதீங்க! ஆரும் தொடாதீங்க! எங்க வந்திருக்கா? சொல்லுங்க, எங்க வந்திருக்கா?" என்று கேட்டார்.

"மொளகா மூட்டைகிட்ட வந்துட்டா!" "மூட்டையப் புடிக்காமலே தாண்டிட்டா!" ஆளுக்கு ஆள் சொன்னார்கள். இளம்பிள்ளையிலிருந்து சேலை மூட்டையோடு வந்திருந்த ஒரு நெசவாளி, "நான் எறங்கோணும், நிறுத்துங்க" என்று எழுந்தவர், குழந்தையைப் பார்த்துவிட்டு, "ஊரு போனாப் போவுது, நீங்க ஓட்டுங்க" என்று உட்கார்ந்துகொண்டார். நிறுத்தினால் அவள் உட்கார்ந்துவிடுவாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நாச்சாயி தாத்தாவின் முழங்காலைத் தொட்டாள். அவர் தூக்கப் போனார். அதற்குள் அவள் திரும்பிவிட்டாள். வந்த வழியே தள்ளாடித் தள்ளாடி முன்னால் போய், அப்பாவின் சட்டையை எட்டிப் பிடித்தாள். அண்ணனின் முதுகு குலுங்கியது. வண்டி மட்டும் கோணாமல் ஓடியது.

திருச்செங்கோட்டில் இறங்கியதும் அவளைத் தரையில் விட்டார். பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். ஸ்டாண்டே சிரித்தது. தரையில் நடக்க அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. பெரியவர் துணி மூட்டையை வாங்கிக்கொள்ளவில்லை.

"இத்தனை சனம் பாத்து வளக்கற புள்ளைய, நான் ஒரு ஊட்டுக்குள்ள கொண்டு போயி என்ன பண்றதுங்க மாப்ளே?" என்றார். அதன்பிறகு சந்தை நாள் தவறாமல் எங்கள் வண்டியில் ஏறி, பேத்தியோடு திருச்செங்கோடு வரை போய் வருவார்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம், "உங்களால பாக்க முடியாமப் போச்சேங்ணா" என்றேன்.

"நான் பாத்திருந்தா ரெண்டு கண்ணு. வண்டி நெறைய கண்ணு பாத்துச்சு. அதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

துக்க வீட்டில் நாச்சாயியைப் பார்த்தேன். இப்போது ஆசிரியைப் பயிற்சியில் இருக்கிறாள். நெடுநெடுவென்று வளர்ந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"போன மாசந்தானுங்க சித்தப்பா, மொதத் தடவையா ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்துனேன். அப்பா சன்னலுக்கு வெளியே நின்னு பாத்தாராம். எனக்குத் தெரியவே தெரியாது. எங்க டீச்சர்தான் அப்புறமாச் சொன்னாங்க. நான் எந்தக் கையில சாக்பீஸ் புடிச்சேன்னு கூட ஊட்டுல வந்து சொன்னாராம்." சொல்லும்போது அழுதாள். ஆனாலும் தலை நிமிர்ந்தே இருந்தது.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. எங்கள் பக்கம் பெரியவர்கள் எதிரில் ஒருவன் தன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவது வழக்கமில்லை. என் மூத்த மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே பாயில் முதல்முறையாகக் குப்புற விழுந்தான். என் தகப்பனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் பிள்ளையைத் தூக்கி அவர் முன்னால் நீட்டி, "குப்புற உழுந்துட்டானுங்கப்பா!" என்றேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நான் பிள்ளையை இறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டார்:

"எந்தப் பக்கமாத் திரும்புனான்?"

பாயை இழுத்து அவர் கட்டிலுக்கு முன்னால் போட்டு, பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்தேன். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.