சம்பங்கி வைத்த பெயர்

ஓசூர் சிப்காட்டில் எங்கள் குடோனுக்குள் ஒரே நேரத்தில் மூன்று ஃபோர்க்லிஃப்ட் ஓடும். வாக்கி டாக்கியில் வெறுமனே "நிறுத்து" என்றால் மூன்றும் நிற்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே நிற்காது. அதனால் முதலில் ஓட்டுகிறவர் பெயர், அப்புறம்தான் கட்டளை. இது சட்டம்.

சம்பங்கிக்கு அந்தச் சட்டமே வினையாக வந்தது. குந்தாரப்பள்ளிக்காரி, நாற்பது வயது. ஆறு வருடமாகப் பெட்டி தூக்கித் தோள்பட்டை போய்விட்டது. வண்டிகளுக்கு சிக்னல் காட்டும் வேலை கிடைத்தால் இனிச் சுமை தூக்க வேண்டாம். பரீட்சை மட்டும் பாக்கி. அதில் வண்டி ஓட்ட வந்தவரோ அவள் வீட்டுக்காரர் வெங்கடசாமி! கட்டினவர் பெயரை அவள் வாயில் எடுத்ததே இல்லை. திருப்பதி போனால்கூட "ஏழுமலையானே" என்றுதான் கும்பிடுவாள்.

"இந்தாங்க, நில்லுங்க!" என்றாள். மூன்று வண்டியும் டக்கென்று நின்றன.

"காஷ்!" என்று தலையில் கை வைத்தார் பாதுகாப்பு அதிகாரி பாஸ்கரன். எதற்கெடுத்தாலும் அவருக்கு அந்த வார்த்தைதான். "இன்னும் ஒரே தடவதாம்மா. பேர் சொல்லலன்னா பெட்டி தூக்கத்தான் போகணும்."

"சொன்னா அவுரு ஆயுசு கொறஞ்சிடும் சார்."

"சொல்லித் தொலையேன். அவன் ஏற்கனவே ஒல்லியா பாதி ஆளாத்தான் இக்கறான்" என்றேன், பக்கத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டே.

"நீ சும்மா இருண்ணா!" என்று என்னை முறைத்தவள், பாஸ்கரனிடம் திரும்பினாள். "அந்தக் காஷ்னா இன்னா சார்?"

"ஆச்சரியம் வந்தா சொல்றது. இங்கிலீஷ்காரங்க முன்ன 'காட்'னு சாமியத்தான் சொல்வாங்க. சாமி பேர வீணா எடுத்தா பாவம்னு பயந்து, தலைய வெச்சிக்கிட்டு வால மாத்திட்டாங்க. அதான் காஷ்."

சம்பங்கி குதிக்காத குறை. "வெள்ளக்காரனுக்கும் அந்தப் பயமா! சாமி கோச்சிக்கல, கேக்கறவங்களுக்கும் புரிஞ்சிது இல்ல? அப்ப நானும் வால மாத்திக்கறேன் சார். வெங்கோ!"

பாஸ்கரன் சிரித்துவிட்டார். இனி 'வெங்கோ' என்றால் வெங்கடசாமி என்று மூன்று ஓட்டுநர்களிடமும் வாக்கி டாக்கியில் சொன்னார். ஒருவன் விசிலடித்தான்.

மறுபடி பரீட்சை. வெங்கடசாமி வண்டியைப் பின்பக்கமாக ஓட்டி வருகிறார். பின்னால் ஒரு பீப்பாய், அவர் கண்ணுக்குத் தெரியாது.

"வெங்கோ! நில்லுங்க!"

குடோனே அதிர்ந்தது. பீப்பாய்க்கு ஒரு சாண் முன்னால் அவர் வண்டி நின்றது. மற்ற இரண்டும் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பாஸ்கரன் கையெழுத்துப் போட்டு சிக்னல் காட்டுகிறவர்கள் போடும் ஆரஞ்சு நிறக் கோட்டை நீட்டினார். சாப்பாட்டு மணி அடித்தும் சம்பங்கி அதைக் கழற்றவில்லை.