முள் தைத்தது தெரியாத கால்

ஆவணி முதல் வாரம், வியாழக்கிழமை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் நான் நர்ஸாக இருந்த பட்டாசுக் கம்பெனியில் மருத்துவ முகாம். எல்லாருக்கும் எடை, உயரம் பார்த்து பி.எம்.ஐ. போட்டோம். கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண் அது. எண் கூடுதலாக வந்தவர்களுக்கு மட்டும் சர்க்கரைப் பரிசோதனை என்று முகாமில் ஏற்பாடு.

லோடுமேன் மாரியப்பனுக்கு 29, கூடுதல். கெமிக்கல் ரூம் போர்மேன் செல்வராஜுக்கு 21, நார்மல்.

"ஏலே மாரியப்பா, தராசு தாங்குச்சாலே?" என்றார் செல்வராஜ், பெஞ்சில் கால்மேல் கால் போட்டபடி.

"சிரிங்க அண்ணாச்சி. நாளைக்கு லாரில பெட்டி ஏத்த உங்க இருபத்தொண்ணு வருதான்னு பாப்போம்."

மாரியப்பனுக்குச் சர்க்கரை சரியாகவே இருந்தது. பெட்டி சுமந்து இறுகிய தோளும் தொடையும்தான் அந்த எடை. தசை எது, கொழுப்பு எது என்று பி.எம்.ஐ. பிரித்துச் சொல்லாது.

அப்போதுதான் செல்வராஜின் உள்ளங்காலில் கறுப்பாக ஏதோ கண்ணில் பட்டது. தீப்பொறிக்குப் பயந்து அங்கே கெமிக்கல் ரூமுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் போவார்கள். குனிந்து பார்த்தேன். சீமைக்கருவேல முள். முக்கால் பங்கு உள்ளே இறங்கி, சுற்றிலும் சீழ் பிடித்திருந்தது.

"எப்ப குத்துச்சு அண்ணாச்சி?"

"எது சிஸ்டர்?"

அந்தப் பதில்தான் என்னைப் பயமுறுத்தியது. கருவேல முள் தைத்தால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். இவர் காலுக்கோ உணர்ச்சியே இல்லை. கை கால் ஒல்லி; சட்டைக்குள் வயிறு மட்டும் முன்தள்ளியிருந்தது.

"விரல நீட்டுங்க. சர்க்கரை பாக்கணும்."

"நார்மல்னு சொன்னீகளே?"

"எடைதான் நார்மல்."

மீட்டர் முந்நூறைத் தாண்டியது. மாரியப்பன் தன் பைக்கை எடுத்து வந்தார். "ஏறுங்க அண்ணாச்சி. தராசு இல்ல, வண்டிதான்."

சிவகாசி டாக்டர் புண்ணைக் கீறிச் சுத்தம் செய்தார். "இன்னும் பத்து நாள் விட்டிருந்தா பாதத்தையே எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்றார்.

அடுத்த முகாமில் சர்க்கரைப் பரிசோதனை எல்லாருக்கும் என்று மாற்றச் சொன்னேன். வயிற்றுக் கொழுப்பைக் கண்டுபிடிக்க இடுப்பளவுக்கு இஞ்ச் டேப் வைத்தோம். உள்ளங்காலையும் பார்த்தோம். பி.எம்.ஐ.யை நான் கைவிடவில்லை. யாரை முதலில் கவனிக்கலாம் என்று அது காட்டும். யாரை விட்டுவிடலாம் என்று அதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

செல்வராஜுக்கு நிலைமின்சாரம் சேராத, ஆணியில்லாத காலணி கிடைத்தது. தினமும் அதைப் போடுமுன் மாரியப்பனிடம் பாதத்தைத் தூக்கிக் காட்டுவார்.

"பாத்துச் சொல்லுலே."

"கால் சுத்தமா இருக்கு அண்ணாச்சி. வயிறுதான் அங்கனயே நிக்குது."