ஆற்றங்கரை ஆபிஸில் பேர் பதிந்தது

எனக்கு அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. உடப்புசல்லாவையில் லீக்ஸ் மரக்கறி மூட்டை தூக்கத் தொடங்கியவன், இன்று ஹட்டனில் நான்கு லொறிக்குச் சொந்தக்காரன். கடைசி மகளை இங்கிலாந்து வரைக்கும் அனுப்பிப் படிக்க வைத்தேன். என்னைப் போல இன்னொருத்தனை இந்தப் பஜாரில் காட்டுங்கள், பார்ப்போம். அப்பேர்ப்பட்ட நான்தான் போன வருஷம் அவள் இருக்கிற ஊருக்குப் போய், அவள் வேலையையே கெடுக்கப் பார்த்தேன். நினைக்க நினைக்க எரிச்சலாக வருகிறது. என் மேல் பாதி, அந்த ஊர் மேல் பாதி.

அது ஒரு ஆற்றங்கரை ஊர். அதன் பெயரை என் வாயால் சரியாகச் சொல்ல வராது. அவள் அங்கே படித்தது ஆற்றைப் பற்றித்தான். ஆற்றைப் படிக்க ஒரு படிப்பா என்று நானும் கேட்டேன். "இறம்பொடையில மண்ணு சரிஞ்சு ஒங்க லொறி மூணு நாளு நின்னுச்சே, அப்ப யாருப்பா முன்னாடியே வந்து சொன்னா?" என்று திருப்பிக் கேட்டாள். மழை எவ்வளவு பெய்தால் ஆறு எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற படிப்பாம். சரி, படி என்றேன்.

படிப்பு முடிந்து பட்டம் வாங்கும் விழாவுக்குத்தான் நான் போனேன். விழா நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அவளுக்கு விசா முடிய ஒரு மாசம்தான் இருந்தது. அதற்குள் வேலை கிடைத்தால் அங்கே இருக்கலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். பாலத்துக்குப் பக்கத்தில் ஆற்று வெள்ளத்தை அளக்கிற ஆபிஸ் ஒன்றில் வியாழக்கிழமை நேர்முகத் தேர்வு. வேறு எங்கிருந்தும் அவளைக் கூப்பிடவில்லை. நானோ, வேலை கையில் கிடைத்த மாதிரிதான் என்று ஆறு மாசமாக ஹட்டன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அவள் குடியிருந்த இடத்தைப் பார்த்ததுமே எனக்குத் தலை சுற்றியது. ஒரே கூரை, ஒரே சுவர், வரிசையாகக் கதவுகள். இது லயம்! தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்த லயத்துக்கும் இதற்கும் மாடியும் புகைக்கூண்டும்தான் வித்தியாசம்.

"ஏம் புள்ள, லயத்த விட்டு வெளிய வர நான் முப்பது வருஷம் பாடுபட்டேன். நீ பிளேன் ஏறி வந்து லயத்துலயா குடியிருக்க?"

"சத்தமாப் பேசாதீங்கப்பா. பக்கத்து வீட்டுல டாக்டர் இருக்காங்க."

"டாக்டருமா லயத்துல இருக்காரு?"

தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று, நான் பார்க்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து என்னை வெளியே அனுப்பிவிட்டாள். கரையோரமாக நடப்பது, படகில் போவது, பழைய தேவாலயம், பழைய மில், தேநீர்க் கடை. எல்லாவற்றையும் ஒன்றரை நாளில் முடித்துவிட்டேன். நடப்பது என்றால் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும் அல்லவா? அங்கே சனங்கள் போன வழியிலேயே திரும்பி வருகிறார்கள், கையில் ஒரு பையும் இல்லாமல். படகு இந்தப் பாலத்திலிருந்து அடுத்த பாலம் வரைக்கும் போய்விட்டுப் புறப்பட்ட இடத்திலேயே இறக்கிவிட்டது. மில்லில் மெஷின் ஓடவில்லை. ஓடாத மெஷினைப் பார்க்கத்தான் டிக்கட். தேநீர்க் கடையில் நூலில் கட்டிய ஒரு பொட்டலத்தை வெந்நீரில் போட்டுக் கொடுத்தார்கள். கிழித்துப் பார்த்தேன். உள்ளே வெறும் தூள். தேயிலைக் காட்டில் பிறந்தவனுக்கு இதைக் கொடுக்கிறாயே என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது, இங்கிலீஷ் வரவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம், பாலத்தடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எதிரே அந்த ஆபிஸைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு, வாசலில் ஆற்றின் படம். அடுத்த நாள் மகள் போக வேண்டிய இடம்.

என் வாழ்க்கையில் எந்த வேலையும் கடிதம் எழுதி நடந்ததில்லை. முதல் லொறிக்கு பெர்மிட் எடுத்ததும், பெரிய மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், பெரிய ஆளை முந்தின நாளே நேரில் போய்ப் பார்த்ததால்தான். துரையைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது. ஒரு சீப்பு வாழைப்பழமாவது வேண்டும். அது லஞ்சம் இல்லை, மரியாதை. அதனால் வீட்டுக்குப் போனேன். மகள் நூலகத்துக்குப் போயிருந்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு, பெட்டியிலிருந்து இரண்டு பாக்கெட் நல்ல தேயிலையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆபிஸில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. பெரிய துரை வேண்டும் என்று கேட்டேன். வந்தது ஒரு பெண், என் மூத்த மகள் வயசுதான் இருக்கும். "டோட்டர். டுமாரோ கமிங். வெரி குட் டோட்டர்," என்று மகளைப் பற்றி எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லி, தேயிலையை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் சிரித்தார். தேயிலையைத் தொடவில்லை. என் பெயரைக் கேட்டார், மகளின் பெயரைக் கேட்டார், மேசையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து எல்லாவற்றையும் நிதானமாக எழுதினார். பிறகு வாசல் வரைக்கும் வந்து கதவைத் திறந்துவிட்டார்.

எனக்கு வானத்தில் நடப்பது போல இருந்தது. பேர் பதிவது என்றால் என்ன என்று தோட்டத்துச் சனங்களுக்குத்தான் தெரியும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு உன் பேரைக் கூப்பிட வேண்டுமானால், அது முதலில் புத்தகத்தில் ஏற வேண்டும். ஏறினால் வேலை நிரந்தரம், குடியிருக்க லயத்தில் ஒரு காம்பரா கிடைக்கும், ஆஸ்பத்திரிச் சீட்டு கிடைக்கும். ஏறாதவன் அன்றாடக் கைக்காசுக்காரன். என் அக்கா பேர் பதிவதற்கு ஒன்றரை வருஷம் ஆபிஸ் வாசலில் நின்றாள். இங்கே பத்து நிமிஷத்தில் பதிந்துவிட்டார்கள்!

மகள் கதவைத் திறந்ததும் கோட்டைத்தான் முதலில் பார்த்தாள்.

"எங்கப்பா போய்ட்டு வர்றீங்க, மாப்பிள்ள மாதிரி?"

"ஒன் வேல முடிஞ்சிருச்சு புள்ள. பேர் பதிஞ்சாச்சு."

"யாரு பேர? எங்க?"

"ஒம் பேரத்தான். பாலத்துக்கிட்ட ஆபிஸ்ல. பெரிய மேடமே எழுதுனாங்க. ஒம் பேரு, எம் பேரு, தேயிலப் பாக்கெட்டு, எல்லாம்."

"தேயிலப் பாக்கெட்டா? அத ஏன் எழுதுனாங்க?"

"ரெண்டுன்னு கூட எழுதுனாங்க."

அவள் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, அது பேர் பதியற புஸ்தகம் இல்லப்பா. யாரு என்னத்தக் கொண்டாந்து நீட்டுனாங்கன்னு எழுதற புஸ்தகம்."

"அவங்கதான் வாங்கலயே!"

"நீட்டுனீங்கல்ல, அது போதும். அந்த மேடம்தான் நாளைக்கு என்னக் கேள்வி கேக்கப் போறவங்க. இது ஒங்க லொறி பெர்மிட்டுன்னு நெனச்சீங்களா?"

"வெறும் தேயில புள்ள! அதக் குடுத்தா குத்தம்னா இது என்னா ஊரு?"

"ஊரச் சொல்லாதீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? ரெண்டு வருஷம் நான் படிச்சேன்பா. நீங்க இல்ல."

நான் தேயிலைப் பாக்கெட் இரண்டையும் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்தேன்.

அப்போதே உட்கார்ந்து, நடந்ததை ஒளிக்காமல் ஆபிஸுக்கு எழுதி அனுப்பினாள். சாயங்காலமே பதில் வந்தது. அந்த மேடம் இனி இவளைத் தேர்வு செய்ய உட்கார மாட்டாராம். வேறு ஊரிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட வேண்டும், அதனால் தேர்வு ஒரு வாரம் தள்ளிப்போகிறது. இரண்டு பாக்கெட் தேயிலைக்கு இத்தனை ஆட்களா! எனக்குச் சனிக்கிழமை பிளேன். முடிவு தெரியாமலே கிளம்ப வேண்டியதாயிற்று.

ரயில் நிலையத்தில் வைத்து மகள் சொன்னாள்: "முடிவு தெரிஞ்சதும் போன்ல கோல் எடுக்கிறேன். ஒண்ணு மட்டும் கேக்கிறேன்பா. கெடச்சுதுன்னா, நான்தான் போய்ப் பேசி வாங்கிக் குடுத்தேன்னு ஊர்ல சொல்லாதீங்க. யாராச்சும் கேட்டா உள்ளதச் சொல்லுங்க." சரி என்று தலையாட்டினேன்.

ஹட்டனுக்கு வந்து ஒன்பது நாள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். லொறிக்காரப் பையன்கள் கிட்டே வரப் பயந்தார்கள். பத்தாம் நாள் அழைப்பு வந்தது.

"கெடச்சிருச்சுப்பா."

"தேயிலயப் பத்திக் கேட்டாங்களா?"

"மொதல் கேள்வியே அதான்."

"நீ என்னா சொன்ன?"

"எங்க அப்பா இப்படித்தான் எல்லாத்தையும் சாதிச்சவரு, எனக்குத் தெரியாம வந்துட்டாரு, அதுக்கு மார்க்கக் கொறைக்கிறதுன்னா கொறைங்க, ஆனா ஆத்தப் பத்தியும் கேளுங்கன்னு சொன்னேன். அப்புறம் ஒரு மணி நேரம் ஆறுதான். கொத்மலை அணையில வான்கதவு தெறந்தா கீழ என்னா ஆகும்னு வரைஞ்சே காட்டினேன்."

போனை வைத்ததும் கடைத் தெருவுக்கு இறங்கினேன். எப்படித்தான் தெரிந்ததோ, பஜாரே நானா என்று கூப்பிடுகிற இரும்புக் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"மொதலாளி போய்ட்டு வந்த கையோட மகளுக்கு வேல! சும்மாவா? நேர்ல போய்ப் பேசியிருப்பீங்களே!"

நாற்பது வருஷமாக நான் காத்திருந்த பேச்சு அது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"நான் போய்க் கெடுக்கத்தான் பாத்தேன் நானா. அவளாத்தான் பேசி வாங்குனா."

நானா கடையைச் சுற்றிப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களா? செஞ்சத வெளிய சொல்ல மாட்டேங்கிறாரு. பெரிய மனுசன்னா இதுதான்."

"இல்ல நானா, நெசமாத்தான் சொல்றேன்."

"சரி சரி, வெளங்குது," என்று கண்ணைச் சிமிட்டினார். "அடுத்த தடவ போறப்ப நம்ம மருமகனுக்கும் ஒரு வார்த்த சொல்லி வைங்க."

அன்றிலிருந்து இந்தப் பஜாரில் கடை கடையாக ஏறி, நான் ஒன்றும் செய்யவில்லை, நான் ஒன்றும் செய்யவில்லை என்று கத்திக்கொண்டிருக்கிறேன். ஒருத்தரும் நம்புவதாக இல்லை.