அக்கா பாதியில் விட்ட பாவு

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. வீட்டில் படித்தவள் என்பதால் நான்தான் எழுத வேண்டும் என்றீர்கள். பலமுறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். தெருமுனையில் ஆட்டோ நின்றால், அவர்தான் இறங்குகிறார் என்று இன்னும் எட்டிப் பார்க்கிறேன்.

அக்கா கூரத்தில் பிறந்தார். அப்பாவுக்குத் தறி வேலை கிடைத்ததால், அக்காவின் எட்டாவது வயதில் பெரிய காஞ்சிபுரத்துக்கு வந்தோம். நான் அப்போது கைக்குழந்தை. அந்த வருடமே அக்கா அம்மாவோடு பாவு புணைக்க உட்கார்ந்துவிட்டார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்; ஒரு பாவு நெய்து முடிந்ததும், மிச்சமிருக்கும் பழைய நூல்முனை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் நூலை விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றுகூட வரிசை மாறக் கூடாது. பட்டு வழுக்காமலிருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். கல்யாணப் போட்டோவில்கூட அக்காவின் இரண்டு விரல்கள் சாம்பல் பூத்துத்தான் இருக்கும்.

பள்ளிக்குப் போகாதது அவருக்குக் குறைதான். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை என்னிடம்தான் கேட்பார். ஆனால் பாவில் உட்கார்ந்தால் அவர் வேறு ஆள். ஒரு லீவு நாளில், அக்கா சாப்பிடப் போன நேரம் நான் உட்கார்ந்து கொஞ்சம் புணைத்து வைத்தேன். திரும்பி வந்தவர் பார்க்கக்கூட இல்லை. புறங்கையால் ஒரு தடவு தடவினார். “ரெண்டு இழை மாறிப்போச்சும்மா. தறி ஓடும்போது ஒண்ணோட ஒண்ணு உரசி அறுந்துக்கினே இருக்கும்” என்று சொல்லி, நான் போட்டதையெல்லாம் பிரித்தார். திட்டவில்லை.

அக்காவின் கணவர், எங்கள் மாமா, சீக்கிரமே போய்விட்டார். குழந்தை இல்லை. இனி அக்கா என்ன செய்வார் என்று நாங்கள் கலங்கிக்கொண்டிருந்தபோது, பதினாறாம் நாள் மூன்று தறிக்கார வீடுகளிலிருந்து ஆள் வந்தது. அவர் வரும்வரை தறி நிற்கட்டும் என்றார்கள். மறுநாளே கிளம்பிப் போனார். அதன் பிறகு யாரிடமும் எதற்கும் போய் நிற்கவில்லை. நானோ தட்டச்சு, இந்தி, தையல், கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றிலும் பாதி கற்றேன். இன்று ஏனாத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என்றைக்கு வேண்டாம் என்பார்களோ என்ற பயம் ஒருநாளும் போனதில்லை.

அந்தப் பயத்தில்தான் என் மகளை கீபோர்டு, இந்தி, அபாகஸ், செஸ், நீச்சல் என்று ஐந்து வகுப்புகளுக்கு அனுப்பினேன். பதினொரு வயது. அவளுக்கு ஆசை நீச்சலில் மட்டும்தான். காலை மாலை இரண்டு வேளையும் விட்டால் நன்றாக வருவாள், மற்றதை நிறுத்திவிடுங்கள் என்று பயிற்சியாளர் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். பெரியம்மாவிடம் போய் அழுதிருக்கிறாள். அக்கா வீட்டுக்கு வந்தார்.

“ஒண்ணுத்தையே புடிச்சிக்கினு, நாளைக்கு அது கைவிட்டா என்னக்கா பண்ணுவா?” என்றேன்.

“அஞ்சையும் வச்சிக்கினு நீ நிம்மதியா தூங்கறியா?”

நான் காபி டம்ளரை அவர் முன்னால் வைத்தேன்.

“அது சோறு போடுமான்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா பாவுல உக்காந்தா எனக்கு பயமே வராது. சின்னதுலேர்ந்து ஒரே வேலை, கைக்கே தெரிஞ்சிடுது. அவளுக்கும் அப்படி ஒண்ணு இருக்கட்டுமே. இப்ப உட்டாத்தான் வரும்.”

“உனக்கு வேற வழி இல்ல, அதான் அது ஒண்ணே கத்துக்கின” என்று சொல்லிவிட்டேன்.

அக்கா காபி குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மூன்றாம் நாள், அக்கா வழக்கமாகப் போகும் குப்புசாமி அண்ணன் வீட்டுத் தறியில் பாவு புணைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். பேச்சில்லை. விரல்கள் மட்டும் போர்வையின் ஓர நூலை முறுக்கிக்கொண்டே இருந்தன. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

ஒருவர் தொடங்கிய பாவை அவரே முடிப்பதுதான் இங்கே வழக்கம். கைக்குக் கை முறுக்கு மாறும். காரியம் முடியும்வரை குப்புசாமி அண்ணன் அந்தத் தறியைத் தொடவில்லை. பிறகு அவர் மனைவி செல்வி அண்ணி மீதியைப் புணைத்தார். புணைத்த இடம் புடவையில் வராது. அதை முன்னால் இழுத்து, வெட்டி எடுத்துவிட்ட பிறகுதான் புடவை தொடங்கும். இந்த ஊரில் வளர்ந்தும் நான் இதை நினைத்துப் பார்த்ததில்லை. அத்தனை வருடம் அக்கா முறுக்கியதில் ஒரு முறுக்குகூட எந்தப் புடவையிலும் இல்லை. அவர் இல்லாமல் அந்தப் புடவைகளும் இல்லை.

அண்ணி வெட்டி எடுத்த அந்தத் துண்டை எறியாமல் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். “பாதி வரைக்கும் உங்க அக்கா கை, அப்பால என்னுது. தடவிப் பாரு, தெரியும்” என்றார். தடவினேன். எனக்குத் தெரியவில்லை. எந்த ஒன்றிலும் அவ்வளவு காலம் விரல் வைத்தவள் இல்லையே நான். அந்த வாரமே நீச்சலைத் தவிர மற்ற வகுப்புகளை நிறுத்தினேன்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிய குப்புசாமி அண்ணனுக்கும், அவர் வீட்டாருக்கும், ஒரு நாள் முழுக்கத் தறிகளை நிறுத்திவிட்டு உடன் நடந்து வந்த தெருவாருக்கும், எங்களைத் தனியே விடாத சொந்தங்களுக்கும் குடும்பத்தார் சார்பில் கைகூப்புகிறேன்.

இன்று காலையும் மகள் நீந்தப் போயிருக்கிறாள். பயம் எனக்குப் போகவில்லை. அந்தத் துண்டு இப்போது மேசைமேல் இருக்கிறது. தினமும் கண்ணை மூடி ஒருமுறை தடவுகிறேன். அக்காவின் கை எந்த இழையோடு நின்றது என்று இன்னும் பிடிபடவில்லை.